பட்டிக்குச் சோறு வைத்தவர்

வாயில் தெர்மாமீட்டர் இருக்கும் மனிதரிடம் கேள்வி கேட்கக் கூடாது. எந்த தேசத்து ஆஸ்பத்திரிக்கும் இது பொது விதி. அன்று காலை அந்த விதியை நான் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

பதினோராம் கட்டிலில் மாரப்பன் என்கிற ஐம்பது வயது மனிதர் படுத்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவருடைய வலது தொடையில் பாய்ந்திருந்த போலீஸ் குண்டை முதல் நாள்தான் எடுத்திருந்தார்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். வெயிலில் மூக்கு மட்டும் தனியாகத் தோலுரிந்திருந்தது. மறுபக்கம் போலீஸ் மொழிபெயர்ப்பாளர் சாம்பசிவம், கையில் நோட்டும் பென்சிலுமாக. கால்மாட்டில் ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வேலியைத் தாண்டிச் சோறு யாருக்காக எடுத்துச் சென்றாய்? தயங்காது இயம்புக" என்றார் சாம்பசிவம்.

மாரப்பன் வாயைத் திறந்தார். நான் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டேன்.

ஒரு நிமிஷம் போதும். மூன்று நிமிஷம் வைத்திருந்தேன். அந்த மனிதரின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடவாவது அவகாசம் வேண்டாமா? இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சாம்பசிவத்தின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

எடுத்துப் பார்த்தேன். நூற்றொன்று. அதற்குமேல் பிடித்து வைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

"பட்டிக்குத்தானுங்க சோறு வெச்சேன்" என்றார் மாரப்பன். "வேற ஆருக்கும் இல்லீங்க. பட்டி பசியில கெடக்குதுங்க."

சாம்பசிவம் மளமளவென்று எழுதி இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பதிலில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் பன்னிரண்டாம் கட்டில், "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கத்தியது. மலேயாவில் நர்ஸுகளுக்கு அதுதான் பெயர். ஓடிவிட்டேன்.

யுத்தம் என்று சொல்லக் கூடாத யுத்தம்

போன வாரத் தொடரில் என்னைக் கப்பலில் தலைசுற்றலோடு விட்டுவிட்டுப் போனீர்கள். இறங்கிவிட்டேன், கவலை வேண்டாம்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மலேயாவில் காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள். வெளியே ஆங்கிலேயரின் பட்டாளமும் போலீசும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது லாரியில் ஆட்களைக் கிடத்திக் கொண்டுவருவார்கள். ஆனால் அதை யுத்தம் என்று யாரும் சொல்லக் கூடாது. "அவசர நிலை" என்றுதான் சொல்ல வேண்டும். நான் முதல் மாதம் மேட்ரனிடம் 'வார் வூண்ட்' (யுத்தக் காயம்) என்று சொல்லித் திட்டு வாங்கினேன். எப்படிச் சொன்னாலும் துளை என்னமோ ஒரே அளவில்தான் இருந்தது.

காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கிடைக்காமல் செய்துவிட்டால் அவர்கள் தானாக வெளியே வந்துவிடுவார்கள் என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. அதற்காகத் தோட்டத் தொழிலாளிகளைப் பழைய லயங்களிலிருந்து, அதாவது வரிசை வீடுகளிலிருந்து கிளப்பி, முள்கம்பி வேலி போட்ட புதுக் குடியிருப்புகளில் வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. காட்டுக்குச் சோறு கொடுத்தவர் என்று முத்திரை விழுந்தால் வருஷக்கணக்கில் சிறை. சிலரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். அதைவிட மோசமாகவும் நடக்கும் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள்.

மாரப்பன் வேலிக்கு வெளியே, ஒரு பொட்டலம் சோற்றோடு, ஓடும்போது சுடப்பட்டவர்.

பெருமாட்டி நெட்டச்சி

நான் இந்த ஊருக்கு எப்படி வந்தேன் என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மலையாளத்து எல்லையோரம், சித்தூர் தாலுக்காவில் பெருமாட்டி. கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தென்னந்தோப்பைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். பிறகு நான் எழுந்து நிற்பேன். எங்கள் நிலைப்படி என் தலையைத் தொடும். மாப்பிள்ளைகளோ அதன் கீழே தொப்பி போட்டுக்கொண்டு போகலாம். மூன்றாவது மாப்பிள்ளை போனபிறகு அப்பா, "அடுத்த தடவை உக்காந்தே இரு சாமி" என்றார்.

மலேயாவில் நர்ஸ் வேண்டும் என்ற சேதியைக் கொண்டுவந்தவர் புதுநகரத்துத் துணிக்கடை மீரான் ராவுத்தர். அப்பாவும் அவரும் மாமன் மச்சான் என்று முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள்.

"ஏனுங் மாமா, பொட்டப் புள்ளையக் கடல் தாண்டி அனுப்பிச்சா ஊருக்குள்ள என்னங்க பேசுவாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இப்ப மட்டும் பேசாமயா இருக்காங்க? பினாங்குல என் தங்கச்சி மாப்பிள இருக்கார். வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துக்குவார். நீ பயப்படாத" என்றார் ராவுத்தர். "அங்க ஆளுக நல்ல ஒசரமாமே" என்று அம்மா பக்கம் பார்த்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். அது முழுப் பொய். அங்கேயும் என் தலை நிலைப்படியைத் தொட்டது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆண்கள் வார்டில் வேலை பார்க்கக் கூடாது. சரி என்று தலையாட்டினேன். இறங்கிய மூன்றாம் நாள் ஆண்கள் வார்டில் போட்டார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மூன்று வருஷத்துக்கு ஓர் ஆண் நோயாளிகூடக் கிடையாது. "ஒரு பாட்டிக்குத் தொடையில் குண்டடி" என்று எழுதிய கடிதத்தை மட்டும் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாராம்.

ஒரு நாள் என்பது

ஆஸ்பத்திரி மரத்தால் கட்டியது, தகரக் கூரை. பின்பக்கம் ரப்பர் புகைபோடும் கொட்டகை இருந்ததால் டெட்டால் வாசனையும் புளித்த பால் வாசனையும் கலந்தே வரும். தினமும் மூன்று மணிக்கு மழை. அது வந்தால் நோயாளி சொல்வது நமக்குக் கேட்காது, நாம் சொல்வது டாக்டருக்குக் கேட்காது. அந்த நேரத்தில் எல்லாரும் கைஜாடையில் பேசுவோம்.

காலை ஆறு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவது. ஏழுக்குப் பெனிசிலின். அதற்கான ஊசிகளை வேகவைத்து, முனை மழுங்கியிருந்தால் கல்லில் தீட்டி வைக்க வேண்டும். எட்டு மணிக்குக் கட்டு மாற்றுதல். ஒன்பதுக்கு மேட்ரன்.

மேட்ரன் ஸ்காட்லாந்துக்காரர். என்னைவிட உயரமாக நான் பார்த்த முதல் பெண்மணி. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. என்னை அவருக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் என் தேங்காயெண்ணெய். வார்டுக்குள் வந்ததும் மூக்கைத் தூக்கி, "சிஸ்டர் பழனி இங்கேதான் இருக்கிறாள்" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பழனியம்மாள் என்ற என் முழுப் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை.

விடுதியில் என் அறைத்தோழி ஞானம்மா. மலையாளத்து மலைப்பக்கம் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோரின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவள் பேசும் தமிழும் நான் பேசும் தமிழும் சந்தித்துக்கொள்ளவே ஒரு வாரம் பிடித்தது.

"ஏட்டி, தலகாணிகிட்டயும் 'ங்க' போட்டுத்தான் பேசுவியா?" என்பாள். நான் அவளிடம், "ஏட்டின்னா வையறயா, கூப்பிடறயா?" என்று கேட்பேன். "ரெண்டும்தான்" என்பாள்.

மாரப்பனின் ஊர்

இரண்டாம் நாள் மாரப்பனுக்குக் கட்டு மாற்றும்போது கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

அவர் விழித்தார். இருபது முப்பது வருஷமாக அந்த 'ஏனுங்க'வை அவர் யார் வாயிலும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது.

"வண்டித்தாவளமுங்க. எங்க அய்யன் என்னைக் கூட்டிட்டு வரப்ப எனக்கு மீசை முளைக்கலீங்க. அம்மிணிக்கு?"

"பெருமாட்டி."

"அட, நடந்தே போயிருவனே!" என்றார். அடுத்த கணம் தொடையைப் பார்த்துக்கொண்டார்.

ஜப்பான்காரன் காலத்தில் அவரையும் மகனையும் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் அவர் மட்டும். மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். இதையெல்லாம் அவர் கால் வலியைச் சொல்வதைவிடச் சாதாரணமாகச் சொன்னார். நான் பஞ்சை எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

வரைபடத்தில் ஒரு சிவப்பு வட்டம்

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் ஞானம்மா சொன்னாள். "ஒன் பதினோராம் கட்டில் பெரிய ஆளுட்டி. காட்டுக்குள்ள பட்டின்னு ஒரு முகாம் இருக்காம். அங்க இருக்கவுகளுக்கு இவருதான் சோறு கொண்டுபோயிருக்காரு. வாயாலயே ஒத்துக்கிட்டாராம். பட்டாளம் ரெண்டு நாளா அந்தப் பட்டியத் தேடுது. மேப்புல சிவப்புப் பென்சில்ல வட்டமே போட்டுட்டாங்களாம்."

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"ஞானம், பட்டின்னா என்ன?"

"பட்டின்னா ஊருட்டி. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி."

"பட்டின்னா நாய்!"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவளுக்கும் விளங்கிவிட்டது. சாந்தன்பாறையில் வளர்ந்தவளுக்கு மலையாளத்தில் நாய்க்குப் 'பட்டி' என்று தெரியாதா? ஆனால் ஒரு தமிழர் தமிழில் பேசும்போது நடுவில் அந்த வார்த்தை வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கோ, அது தமிழில்லை என்றே அதுவரை தோன்றியதில்லை. எங்கள் பக்கம் தெருவில் திரிந்தால் நாய், வீட்டில் வளர்த்தால் பட்டி. அன்று கட்டிலருகே மாரப்பன் சொன்னபோது எனக்கு நாயாகவே கேட்டது. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"போய்ச் சொல்லப் போறேன்" என்று எழுந்தேன்.

ஞானம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "கொஞ்சம் பொறுட்டி. போன வருஷம் ஒரு டிரெஸ்ஸர் போலீஸ் விஷயத்துல வாயக் கொடுத்துட்டு என்ன ஆனாருன்னு தெரியும்லா? காட்டுக்கு அனுதாபின்னு எழுதி அடுத்த கப்பல்ல ஏத்திட்டாக. ஒனக்கு இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி."

வீரமாக எழுந்து போனேன் என்று எழுத ஆசைதான். எழுந்து போகவில்லை. அன்று பூராவும் பேசாமல் இருந்தேன். மாரப்பனுக்கு ஊசி போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டேன். அவரோ, "அம்மிணி கை பஞ்சாட்டம்" என்று பாராட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அரை மணி முன்னதாகவே, மேட்ரன் அறைக் கதவைத் தட்டினேன்.

நிகண்டில் இல்லாத நாய்

மேட்ரன் முழுதும் கேட்டார். "கட்டுகளெல்லாம் மாற்றியாயிற்றா?" என்றார். ஆயிற்று என்றேன். "அப்படியானால் நேராக நில்" என்று சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்தார்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டரும் சாம்பசிவமும் வந்தார்கள். சாம்பசிவம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலேயாவுக்கு வந்தும் தமிழ் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வீட்டில் வேலைக்காரப் பெண்ணிடம்கூட 'நீர் கொணர்க' என்று சொல்கிறவர் என்று கேள்வி.

"அம்மணி, பட்டி என்பது சிற்றூர். ஆநிரை அடைக்கும் தொழுவம் என்றும் ஒரு பொருள் உண்டு. நாய் என்று எந்த நிகண்டில் கண்டீர்?"

"நிகண்டுல இல்லீங்க. பெருமாட்டியில" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. இன்ஸ்பெக்டர் வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். ஞானம்மாவைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தவள் இப்போது கஞ்சி போட்ட தொப்பியோடு விறைப்பாக வந்து நின்று, "எங்க தோட்டத்து பங்களா கேட்டுலயே போர்டு இருக்கு சார். 'பட்டியுண்டு, சூட்சிக்குக.' நாய் இருக்கு, ஜாக்கிரதைன்னு அர்த்தம். ஒரு நாள் நான் அதப் படிக்காம உள்ள போயி..." என்று தழும்பைக் காட்டக் குனிந்தாள். மேட்ரன் தடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். மூன்று நாளாகக் காட்டுக்குள் அட்டைக்கடி பட்டுக்கொண்டிருக்கும் நாற்பது சிப்பாய்களை அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நாய் இருப்பதாக இவள் சொல்கிறாள். இதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் என்னைக் காட்டி.

"போய்ப் பாருங்கள்" என்றார் மேட்ரன். "நாய் இல்லையென்றால் இவளைத் திட்டுவது என் வேலை. உங்கள் வேலையில்லை."

நாய் எங்கே என்று மாரப்பனிடம் கேட்டு வந்து சொன்னேன். வேலிக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. அவர் குடிமாறியபோது அது பழைய லயத்திலேயே தங்கிவிட்டது. காலியான வீட்டின் வாசலில் படுத்துக்கொண்டு, எத்தனை தடவை விரட்டினாலும் நகரவில்லை.

"ஊடு காலியாயிருச்சுன்னு அதுக்கு ஆருங்க சொல்றது?" என்றார் மாரப்பன். "தினமும் இடுப்புத் துணியில ஒரு பிடி முடிஞ்சுட்டுப் போயி வெச்சுட்டு வருவனுங்க. அன்னிக்குப் போலீஸ்காரன் 'நில்லு'ன்னான். பயத்துல ஓடிட்டனுங்க."

சாட்சி கடித்தது

அன்று மாலை மழை விட்ட நேரத்தில் ஜீப் ஒன்று வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்கள் தோளில் கைபோட்டு, ஒரு காலால் நொண்டிக்கொண்டு இறங்கினார். கெண்டைக்காலில் நான்கு பல், தெளிவாக, ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோல.

நாய் இருந்தது.

கூட வந்த கான்ஸ்டபிள் நடந்ததைச் சொல்லும்போதே சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார். கடித்ததும் இவர் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே, "சுடாதே! அது சாட்சி!" என்று கத்தினாராம்.

வெறிநாயாக இருந்தால்? அந்த நாளில் அதற்கு ஒரே வழி, வயிற்றைச் சுற்றிப் பதினான்கு நாளைக்குப் பதினான்கு ஊசி. டாக்டர் விளக்கினார். பத்து நாள் நாயைக் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டாம். செத்துவிட்டால்... டாக்டர் அதற்குமேல் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆக, நாய் உயிரோடு இருக்க வேண்டும். மாரப்பனுக்காகவும், இன்ஸ்பெக்டருக்காகவும். அதற்குச் சாப்பாடு போக வேண்டும். வேலிக்கு வெளியே சோறு போகக் கூடாது என்பது சட்டம். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வயிற்றைத் தடவிக்கொண்டு, தன் கையாலேயே ஓர் உத்தரவு எழுதினார்: பழைய லயத்தில் உள்ள ஒரு நாய்க்கு, தினமும், வெந்த சோறு, ஆயுதம் தாங்கிய காவலோடு. மேட்ரன் அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்கு அனுப்பினார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஊசி போடும் வேலை எனக்கு வந்தது. அவ்வளவு பெரிய துப்பாக்கியை இடுப்பில் தொங்கவிட்ட மனிதர் ஊசியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "உன் கை பஞ்சு மாதிரி என்று அந்த ஆள் சொன்னானாமே, பொய்" என்று மூன்றாம் நாள் சொன்னார். ஊசி மழுங்கல் என்பதை நான் சொல்லவில்லை.

தட்டில் தின்னாத நாய்

நான்காம் நாள் கான்ஸ்டபிள் கவலையோடு வந்தார். நாய் தின்னவில்லை. முதல் இரண்டு நாள் முகர்ந்தாவது பார்த்ததாம். இப்போது முகத்தையே திருப்பிக்கொள்கிறதாம். சோறு வேண்டாம், ரொட்டி வேண்டாம், டப்பா மீன்கூட வேண்டாம்.

தீனி எடுக்காதது வெறியின் முதல் குறி. வார்டில் அது எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட மறந்து கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு சின்னவர் என்று தெரிந்தது. கேலியெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இவருக்கும் எங்கோ ஓர் ஊரில் ஓர் அம்மா, பாதி பொய்யான கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பார்.

நான் மாரப்பனிடம் ஓடினேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதுலீங்க வெக்கறாங்க?"

"தட்டுல."

"தட்டுலயா!" என்றார், என்னமோ நாயை அவமானப்படுத்திவிட்டதைப் போல. "அவன் தட்டுல திங்கமாட்டானுங்க. தேங்காச் சிரட்டையில வெக்கோணும். வெச்சுட்டு அங்கயே நிக்கக் கூடாது. அப்பால போயி, பாக்காத மாதிரி திரும்பிக்கோணும்."

இதை இங்கிலீஷில் சொன்னேன். சாம்பசிவம் நோட்டில் எழுதினார். "சிரட்டை... கொட்டாங்கச்சிதானே, அம்மணி?" என்று இந்தத் தடவை பணிவாக என்னிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் இரண்டு ஆயுதப் போலீஸார் ஒரு சிரட்டையைச் சுமந்துகொண்டு போனார்கள். வைத்துவிட்டு, உத்தரவுப்படி திரும்பி நின்றார்கள். மதியம் கான்ஸ்டபிள் வாசலிலிருந்தே கை இரண்டையும் தூக்கிக் காட்டினார். சிரட்டை காலி!

பதினோராம் கட்டிலிலிருந்து சமையல்காரர் வரை எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மாரப்பன் கட்டிலருகே போய், அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாளும் நாய் நன்றாக இருந்தது. ஊசி நின்றது. காட்டுக்கு உதவியதான புகாரை இன்ஸ்பெக்டர் கிழித்தார். வேலி தாண்டிச் சோறு கொண்டுபோனது மட்டும் குற்றம். அதற்குக் கண்டிப்போடு சரி. வரைபடத்தில் இருந்த சிவப்பு வட்டத்தை ரப்பர் போட்டு அழித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சாம்பசிவம் என்னிடம் வந்து தம் சொந்த நோட்டைக் காட்டினார். அழகான கையெழுத்தில் ஒரு வரி: 'பட்டி: நாய். சித்தூர்ப் பக்க வழக்கு.' "என் பிழையால் ஒரு மனிதன் அழிந்திருப்பான், அம்மணி" என்றார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்து என்னிடம் சொற்கள் கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

பெயர் என்ன?

மாரப்பன் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. ஊன்றுகோல் வைத்து நடந்தார். கால் கொஞ்சம் இழுத்தது, அது அப்படியே இருந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நாயை வேலிக்குள் வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு தருவதாக இன்ஸ்பெக்டர் தாமே சொல்லியிருந்தார். அதில் தோட்ட மானேஜரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், அந்தத் தடித்த வெள்ளைக்காரரும் காரில் வந்து வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சீட்டில் நாயின் நிறம், வயது எல்லாம் எழுதினார் இன்ஸ்பெக்டர். "பெயர்?" என்றார்.

நான் கேட்டேன். மாரப்பன் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"வேண்டாமுங்க அம்மிணி."

"எழுதோணுமாமா, சொல்லுங்க."

என் காதருகே குனிந்தார். "தொரைங்க."

"என்னது?"

"தொரை. காத்தால எந்திரிச்சா ஒரு சோலியும் செய்யறதில்லீங்க. லயத்தைச் சுத்திச் சுத்தி வருவான். எல்லாரையும் பாத்துக் கொரைப்பான். அதானுங்க... அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கேக்கறப்ப, தொரைக்குச் சோறு வெச்சேன்னு எப்படீங்க சொல்றது?"

எனக்கு உதட்டைக் கடித்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

ஒரு வார்த்தையைச் சரியாக மொழிபெயர்க்க வேண்டும் என்பதற்காக மேட்ரன் அறைக் கதவைத் தட்டியவள் நான். அதே நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ராஜா."

பக்கத்தில் சாம்பசிவம் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. தொண்டையைக் கனைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் கூரையைப் பார்த்து, "மொழிபெயர்ப்பு சரியே" என்றார்.

இன்ஸ்பெக்டர் 'ராஜா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாரப்பன் சீட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் கவலையோடு கேட்டார்: "ராஜான்னு கூப்பிட்டா அவன் வரமாட்டானுங்களே?"

"பழக்கிப் பாருங்க" என்றேன்.

அவர் சொல் தட்டாதவர். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, படியிறங்கி, லாரியை நோக்கிப் போகும்போதே பழக ஆரம்பித்துவிட்டார். "ராஜா... ராஜா... ராஜா..." நாலாவது தடவை நாக்கு ஏமாற்றிவிட்டது. கொஞ்சம் உரக்கவே, செல்லமாக, "தொரை!" என்று கூப்பிட்டுவிட்டார்.

வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த தோட்ட மானேஜர் திரும்பி, "யெஸ்?" என்றார்.